கேம்பிங் மடக்கு நாற்காலி: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேம்பிங் கிளம்பும்போது டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, டார்ச் என்று பட்டியல் நீளும். நாற்காலி கடைசியில்தான் வரும், அதுவும் "இடம் இருந்தா எடுத்துக்கலாம்" என்ற கணக்கில். ஆனால் முகாமில் நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? சாயங்காலம் டீ, பிறகு சமையல், சாப்பாடு, தீ மூட்டிப் பேச்சு, விடியற்காலையில் மஞ்சு விலகக் காத்திருப்பது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்துதான் போகிறது. ஈரப் புல்லிலும் கூரான கல்லிலும் பாய் விரித்து உட்கார முடியாத இடங்களில், அந்த நேரம் சுகமாகப் போகுமா என்பதை நாற்காலிதான் தீர்மானிக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கேம்பிங்குக்கு நாற்காலி எத்தனை கிராம் என்பது இரண்டாவது கேள்வி. ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு முதுகும் தொடையும் எப்படி இருக்கின்றன, யாரும் கை கொடுக்காமல் எழுந்திருக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் நாள்கணக்கில் முதுகில் சுமந்து நடப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். நம் நிலைமை வேறு. 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான அனுமதி நடைமுறைகள் கடுமையாகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் நாமே டென்ட் அடித்துத் தங்குவது நடக்காத காரியம். அதனால் நம்மில் பெரும்பாலோர் தங்குவது எஸ்டேட்டிலோ தோட்டத்திலோ தனியார் முகாமிலோதான். காரோ பைக்கோ ஜீப்போ பக்கத்தில் வரை போகும். கடைசியாகச் சுமந்து நடப்பது சில நூறு மீட்டர்தான். அந்தச் சில நூறு மீட்டருக்காக இரவு முழுவதும் முதுகை வதைக்கத் தேவையில்லை.

முதல் படி: எதில் கொண்டுபோகிறீர்கள்?

எடையைவிட இங்கே முக்கியமானது மடித்த நீளம். கடைக்காரர் எடையைச் சொல்வார், நீளத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காரில் போகிறவர்களுக்குக் கவலை குறைவு. 3 முதல் 4 கிலோ எடையுள்ள, 90 செ.மீ. நீளப் பையில் வரும் நாற்காலி டிக்கியில் டென்ட்டுக்கு மேலே படுத்துக்கொள்ளும். நான்கு பேர், நான்கு நாற்காலி என்றால் மட்டும் ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிடுங்கள். சிறிய ஹாட்ச்பேக் காரில் நான்கு நீளப் பைகளை வைத்தால் மற்ற சாமானுக்கு இடம் இருக்காது.

பைக்கில் போகிறவர்கள் நீளத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளின் ஹேண்டில்பார் அகலம் 70 முதல் 80 செ.மீ.தான். 90 செ.மீ. பையைப் பின்சீட்டில் குறுக்கே கட்டினால் அது ஹேண்டில்பாரைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டும்போது நம் கண் ஹேண்டில் போகும் இடைவெளியைத்தான் அளக்கும்; பின்னால் நீட்டுவது நினைவில் இருக்காது. மலைப்பாதையில் எதிரே பேருந்து வரும்போது இது விபரீதம். டென்ட் கம்பிபோல் துண்டு துண்டாக மடித்து 35 முதல் 45 செ.மீ. அளவுக்குள் அடங்கும் கம்பி நாற்காலிகள்தான் பைக்குக்குச் சரி. பைக்கின் பக்கவாட்டில் தொங்கும் பானியர் பைக்குள்ளேயே போய்விடும்.

பேருந்து, ரயில், பிறகு வாடகை ஜீப் என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கும் இதே அளவுதான். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும்: தூக்கிப் போடும் பாதையில் சாமான் எல்லாம் மடியிலோ காலடியிலோதான். நீளமான பை பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும்.

உண்மையாகவே சுமந்து நடக்கப் போகிறவர் என்றால் ஒரு கிலோவுக்குள் பாருங்கள். மற்றவர்கள் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

இரண்டாம் படி: உயரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீட்டில் ஒரு சின்ன அளவு எடுங்கள். கேம்பிங்குக்குப் போடும் ஷூவையோ செருப்பையோ போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியில் பாதம் தரையில் முழுதாகப் படிய உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். பெரியவர்களில் பலருக்கு 40 செ.மீ.யை ஒட்டி வரும். இருக்கையின் உயரம் இந்த அளவை ஒட்டி இருந்தால் எழுவது சுலபம். அதைவிட 10 செ.மீ. தாழ்ந்தால் இளைஞர்களுக்குப் பரவாயில்லை, காலை நீட்டிக்கொள்ளலாம். 15 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிடும். வயிறு மடிந்து அழுந்தும். சாப்பிட்ட உடனே அப்படி உட்கார்ந்தால் நெஞ்சுக்கரிப்பு வரலாம். எழும்போது உடல் எடை முழுவதையும் தொடைத்தசை தூக்க வேண்டியிருக்கும்.

உயரம் அதிகமானாலும் தொல்லைதான். பாதம் தரையில் படியாமல் தொங்கினால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகும். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பெரிய அளவு நாற்காலிகளில் இந்தச் சிரமத்தைச் சொல்வார்கள்.

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. ஏலகிரியில் ஒருமுறை நண்பர் கொண்டுவந்திருந்த தாழ்வான கம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லா மெத்துனு இருக்குப்பா" என்றார். எழுந்திருக்க நினைத்தபோதுதான் சங்கடம். இரண்டு கையாலும் பக்கவாட்டில் தேடினார். பிடிக்க ஒன்றும் இல்லை, வெறும் துணி. முன்னால் சாய்ந்து பார்த்தார். இருக்கை பின்பக்கம் குழிந்திருந்ததால் இடுப்பு மேலே வரவில்லை. கடைசியில் ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு அந்த நாற்காலிப் பக்கமே அவர் போகவில்லை. காரின் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா அம்மாவை, தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். அவர்களுக்கென்று ஒரு நாற்காலியாவது 42 முதல் 45 செ.மீ. உயரத்தில், கெட்டியான கைப்பிடியோடு இருக்கட்டும். கைப்பிடி என்றால் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் வளையாத குழாயோ பலகையோ இருக்க வேண்டும். துணிப்பட்டைக் கைப்பிடியில் முழங்கையை வைக்கலாமே தவிர, ஊன்றி எழ முடியாது.

மூன்றாம் படி: எந்த வகை?

குடைபோல நான்கு காலும் நடுவில் குவிந்து மடங்கும் நாற்காலிதான் நம் ஊரில் அதிகம் விற்பது. பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்தால் தயார், பாகம் எதையும் மாட்ட வேண்டாம். உயரமும் போதும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் இருக்கை தொட்டில்போல் குழியும், கைப்பிடி பெரும்பாலும் துணி. வாங்கும்போது இருக்கைக்கு அடியில் குறுக்குப் பட்டை கொடுத்து இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் குழிவு குறையும்.

அடுத்தது கம்பி நாற்காலி. டென்ட் கம்பிபோல, உள்ளே எலாஸ்டிக் கயிறு கோத்த அலுமினியக் குழாய்கள் தாமாகவே பொருந்தி நிற்கும். அதன்மேல் துணியை நான்கு மூலையிலும் மாட்ட வேண்டும். டென்ட் கம்பிகளுக்குப் பெயர்போன டிஏசி என்ற கொரிய நிறுவனத்திலிருந்து வந்த ஹெலினாக்ஸ், 2012 வாக்கில் வெளியிட்ட 'சேர் ஒன்' தான் இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. எடை ஒரு கிலோவை ஒட்டி, தாங்கும் எடை 145 கிலோ. இன்று அதே வடிவத்தில் நிறைய நிறுவனங்கள் குறைந்த விலையில் செய்கின்றன. பைக்கில் போகிறவருக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஆனால் இது தாழ்வு; தலையைச் சாய்க்க முடியாது; நான்காவது மூலைத் துணியை மாட்டக் கை வலு வேண்டும். முதுகு உயர்ந்த, கால் நீண்ட மாதிரிகளும் வருகின்றன. அரைக்கிலோ கூடினாலும் அவை மேல்.

டைரக்டர் சேர் என்று சொல்லும் வகை பக்கவாட்டில் தட்டையாக மடங்கும். இருக்கை நேராக, கைப்பிடி கெட்டியாக இருக்கும். பெரியவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சாப்பிடவும் இதுதான் வசதி. நாம் தட்டை மடியில் வைத்துக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சாய்ந்த நாற்காலியில் தட்டு வயிற்றை நோக்கிச் சரியும், ரசம் சட்டையில் வழியும். நேரான இருக்கையில் தொடை சமமாக இருப்பதால் தட்டு நிற்கும். பக்கவாட்டில் சின்ன மேசை மடிந்து வரும் மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது.

படுக்கைபோல் சாயும் பெரிய நாற்காலிகள் 7, 8 கிலோ வரும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்குகிறவர்கள், காரில் இடம் உள்ளவர்கள் வாங்கலாம். மூன்று கால் ஸ்டூல் உட்கார அல்ல, அடுப்புப் பக்கம் குந்துவதற்கு. சமைக்கிறவருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், முதுகு பிழைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு நாற்காலியிலும் ஒரு காலை மடித்து, சில சமயம் சம்மணமே போட்டு உட்காரும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் குறுகலான குழி இருக்கை ஒத்துவராது. கைப்பிடிகளுக்கு இடையே 55 செ.மீ.யாவது அகலம் வேண்டும், இருக்கை ஓரளவு தட்டையாக இருக்க வேண்டும். கடையில் கூச்சப்படாமல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து பாருங்கள்.

நான்காம் படி: சட்டகம்

ஸ்டீலின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனாலும் ஸ்டீல் குழாயை மெல்லிசாகச் செய்ய முடியும் என்பதால் நாற்காலி மூன்று மடங்கு கனப்பதில்லை. காரில் போகிறவருக்கு ஸ்டீல் போதும். மேலே பூசிய பவுடர் கோட்டிங் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கடற்கரையில் அடிக்கடி தங்குகிறவர்கள் அலுமினியம் வாங்குங்கள். உப்புக்காற்றில் ஸ்டீல் நாற்காலியின் ரிவெட்டுகள்தான், அதாவது குழாய்களை இணைக்கும் ஆணிகள்தான், முதலில் துருவேறி இறுகும். பிறகு நாற்காலி விரிய மறுக்கும்.

குழாயைவிட மூட்டுகளைக் கவனியுங்கள். நாற்காலி உடைவது பெரும்பாலும் குழாய்கள் சந்திக்கும் இடத்தில்தான். அங்கே பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அதன் கனத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தி வளைகிறதா என்று பாருங்கள். ரிவெட் தலை குழாயோடு படிந்திருக்க வேண்டும், ஆடக் கூடாது. கம்பி நாற்காலியில் எல்லாக் குழாய்களும் வந்து சேரும் நடுத்துண்டுதான் உயிர்நாடி. குழாய் அதற்குள் குறைந்தது இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே போய் உட்கார வேண்டும். ஒரு நகம் அளவு மட்டும் செருகி நிற்கிறதென்றால் வேண்டாம்.

தாங்கும் எடை என்று லேபிளில் போட்டிருப்பது, ஆள் அசையாமல் மெதுவாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கான கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அப்படியா உட்காருகிறோம்? களைத்து வந்து பொத்தென்று விழுவோம். ஒரு பாரத்தை மெதுவாக இறக்காமல் சட்டென்று விட்டால், உயரத்திலிருந்து விழாவிட்டாலும்கூட, அது தரும் விசை அந்தப் பாரத்தின் இரண்டு மடங்குவரை போகும். 80 கிலோ ஆள் சட்டென்று உட்கார்ந்தால் நாற்காலிக்கு அது ஒரு கணம் 160 கிலோ வரை போகும். ஆகவே உங்கள் எடையைப்போல் இரண்டு மடங்காவது போட்டிருக்கும் நாற்காலியை எடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறவர் இருவர் எடையையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

ஐந்தாம் படி: துணி, தையல்

துணியைப் பற்றிச் சொல்லும்போது 600 டெனியர், 900 டெனியர் என்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். சாதாரண நாற்காலிக்கு 600 டெனியர் பாலியஸ்டர் போதுமானது. அதற்குக் குறைந்தால் இருக்கைப் பகுதியில் இரட்டைத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் பொருளுக்கு நைலானைவிடப் பாலியஸ்டர் நல்லது. சூரிய ஒளியில் அது அவ்வளவு சீக்கிரம் நைந்துபோகாது.

ஆனால் துணி கிழிந்து போன நாற்காலியைவிட, தையல் விட்டுப்போன நாற்காலிதான் அதிகம். குடைமடிப்பு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, இருக்கைத் துணி முன்காலின் உச்சியைச் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். உட்காருகிறவரின் பாரத்தில் பெரும்பங்கு அந்த உள்ளங்கை அகல இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே துணி இரண்டு மூன்று மடிப்பாக இருக்க வேண்டும். சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறிபோல் இன்னொரு தையல் ஓடியிருந்தால் நம்பலாம். ஒற்றைக் கோடாக ஒரு தையல் மட்டும் என்றால் ஒரு வருடத்துக்குள் அங்கேதான் பிரியும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தையலின் இரண்டு பக்கமும் வைத்து இழுங்கள். ஊசித்துளைகள் வாய் திறந்து வெளிச்சம் தெரிந்தால் நூல் மெலிசு, அல்லது தையல் தொலைவு. கம்பி நாற்காலியில் இதே சோதனையைக் கம்பி முனை நுழையும் நான்கு பைகளிலும் செய்யுங்கள். அந்தப் பைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். முனை வந்து முட்டும் இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக்கோ பல மடிப்புப் பட்டையோ கையில் தட்டுப்பட வேண்டும்.

முதுகுப் பக்கம் வலைத்துணி வேண்டுமா என்பது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது. சமவெளியிலும் கடற்கரையிலும் வியர்வைக்கு வலை நல்லது. கொடைக்கானல், மேகமலை, ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு அதே வலை வழியாகக் குளிர்காற்று முதுகில் இறங்கும். முன்னால் தீ எரியும், முதுகு விறைக்கும். இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள் வலை நாற்காலி வாங்கிக்கொண்டு, குளிருக்கு ஒரு சால்வையை முதுகிலும் இருக்கையிலும் மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

தீப்பொறி பாலியஸ்டரில் விழுந்தால் உருகி ஓட்டை போடும். தீ மூட்டுவதுதான் உங்கள் கேம்பிங்கின் முக்கிய அம்சம் என்றால் பருத்திக் கேன்வாஸ் நாற்காலி பாருங்கள். கனம் கூடும், நனைந்தால் காய நேரமாகும். ஆனால் பொறி பட்டால் உருகாது, உடனே தட்டிவிட்டால் கரும்புள்ளியோடு போகும். மற்றபடி பாலியஸ்டர் நாற்காலியைத் தீயிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி போடுங்கள்.

ஆறாம் படி: கால் தரையில் எப்படி நிற்கிறது?

கடையின் டைல்ஸ் தரையில் எல்லா நாற்காலியும் நன்றாகத்தான் நிற்கும். மன்னவனூர் புல்வெளியில் மழை பெய்த மறுநாள் போட்டுப் பாருங்கள். கம்பி நாற்காலியின் பின்கால் இரண்டும் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். நாம் பேசிக்கொண்டே மல்லாக்கச் சாய்வோம்.

கணக்கு எளிது. 2.5 செ.மீ. விட்டமுள்ள கால்முனையின் பரப்பு சுமார் 5 சதுர செ.மீ. நான்கு காலுக்கும் 20. 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் மூன்றரைக் கிலோ அழுத்தம். அதே காலுக்கு 7.5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு மாட்டினால் பரப்பு ஒன்பது மடங்காகும். அழுத்தம் 400 கிராமுக்கு இறங்கிவிடும். கடைகளில் இதற்கென்றே அகலமான ரப்பர் பாதங்கள் கிடைக்கின்றன. சில நாற்காலிகளுக்கு நான்கு காலுக்கும் சேர்த்துக் கட்டும் தரைவிரிப்பும் விற்கிறார்கள். கடற்கரை மணலுக்கு அது மிக நல்லது. அவசரத்துக்கு ஒரு டென்னிஸ் பந்தில் கத்தியால் கீறல் போட்டு ஒவ்வொரு கால்முனையிலும் செருகலாம். தட்டையான பலகைத் துண்டுகளும் போதும்.

மேடு பள்ளத் தரையில் நான்கு கால் நாற்காலி ஆடும். மூன்று கால் ஸ்டூல் எங்கும் ஆடாது. இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல தீர்வு பிறந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ரூர்க்கி நகரின் ராணுவப் பொறியாளர்கள் முகாம் வாழ்க்கைக்காக ஒரு நாற்காலி செய்தார்கள். 'ரூர்க்கி சேர்' என்றே அதற்குப் பெயர். மரச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டாமல், துளையில் செருகிமட்டும் வைத்திருப்பார்கள். உட்காருகிறவரின் பாரமும் கேன்வாஸின் இழுப்பும் சேர்ந்து மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். ஒட்டாத மூட்டு என்பதால் ஒவ்வொரு காலும் தரைக்கு ஏற்பக் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். நான்கும் மண்ணைத் தொடும். கழற்றினால் சின்னக் கட்டாகச் சுருட்டலாம். டென்மார்க் வடிவமைப்பாளர் காரே கிளின்ட் 1933-ல் செய்த புகழ்பெற்ற 'சஃபாரி சேர்' இதைப் பார்த்துப் பிறந்ததுதான். இன்றைய கடையில் நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த நெகிழ்வுதான்: ஒரு காலுக்கு அடியில் செல்போன் கனத்துக்கு எதையாவது வைத்து உட்காருங்கள். சட்டகம் வளைந்துகொடுத்து நான்கு காலும் தரையைத் தொட்டால் நல்லது. இரும்புக் கட்டிலாட்டம் விறைத்து ஆடினால் மலையிலும் அப்படித்தான் ஆடும்.

ஏழாம் படி: கடையில் செய்து பார்க்க வேண்டியது

டெகாத்லான் போன்ற பெரிய கடைகளில் நாற்காலிகளை விரித்தே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. இரண்டு நிமிடம் போதாது. பதினைந்து நிமிடமாவது உட்காருங்கள். போனைப் பார்க்காமல் உட்கார்ந்தால் உடம்பு சொல்வது கேட்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகு கவனிக்க வேண்டிய இடங்கள்: முன்விளிம்புக் கம்பி தொடையில் உறுத்துகிறதா, கீழ்முதுகுக்குப் பின்னால் துணி தொங்கிக் கூன் விழுகிறதா, தோள்பட்டையைப் பக்கக் குழாய்கள் உள்ளே தள்ளுகின்றனவா, கழுத்துக்குத் தாங்கல் உண்டா. இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்க வேண்டும். கீழ்முதுகு மட்டும் குறை என்றால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் சமாளிக்கலாம். தொடையை உறுத்தும் கம்பிக்கு மாற்று இல்லை.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். முடியவில்லை என்றால் கைப்பிடியை ஊன்றி எழுங்கள். அதற்கும் சிரமப்பட்டால் அந்த நாற்காலியை வைத்துவிடுங்கள். கடையிலேயே இப்படி என்றால், நாள் முழுக்க நடந்துவிட்டு வந்த கால் என்ன செய்யும்?

அடுத்து, மடித்துப் பைக்குள் போட்டுப் பாருங்கள், நீங்களே. விற்பனையாளர் பழகிய கையால் நொடியில் போட்டுவிடுவார். இருட்டில், பனியில் விறைத்த விரலோடு மடிக்கப்போவது நீங்கள். பை நாற்காலியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. இறுக்கமான பை முதல் வருடத்திலேயே கிழியும். மடியும்போது விரல் எங்கே நசுங்க வாய்ப்பிருக்கிறது, சேலை முந்தானையோ துப்பட்டாவோ எந்த மூட்டில் சிக்கும் என்றும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் படத்தை நம்ப வேண்டாம். இருக்கை உயரம், கைப்பிடிகளுக்கு இடையிலான அகலம், மடித்த நீளம், எடை ஆகிய நான்கு எண்களும் விவரத்தில் இருக்க வேண்டும். "உயரம் 80 செ.மீ." என்று மட்டும் போட்டிருந்தால் அது முதுகின் உச்சிவரை உள்ள உயரம், இருக்கை எங்கே என்று தெரியாது. விமர்சனங்களில், வாங்கிய அன்றே எழுதியதைத் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து எழுதியதைத் தேடுங்கள். தையல் பற்றியும் மூட்டு பற்றியும் அங்கேதான் உண்மை கிடைக்கும். பொருள் வந்ததும் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

எட்டாம் படி: முகாமில்

சரிவான இடத்தில் உங்கள் முகம் பள்ளத்தைப் பார்த்தபடி நாற்காலியைப் போடுங்கள். மடக்கு நாற்காலிகளில் பாரம் பின்பக்கமாகவே சாய்கிறது. மேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் மல்லாக்க விழ வாய்ப்பு அதிகம். பள்ளத்தைப் பார்த்தால் அந்தச் சாய்வு சரியாகிவிடும், காட்சியும் அங்கேதான் இருக்கும்.

டென்ட்டுக்குள் நாற்காலி போடாதீர்கள். கால்முனை தரைத்துணியைக் குத்தும். இரவு படுக்கப் போகும் முன் நாற்காலியை மடித்துச் சாய்த்துவிடுங்கள், இல்லையென்றால் விடியும்போது இருக்கையில் பனித்தண்ணீர் தேங்கியிருக்கும். காலையில் உட்காரும் முன்னும், மடிக்கும் முன்னும் கவிழ்த்து ஒரு தட்டு தட்டுங்கள். அட்டை, பூரான், தேள் எல்லாம் துணி மடிப்பின் இருட்டைத் தேடி வரும்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஈரத்தோடு பையில் போட்டு லாஃப்டில் ஏற்றினால் அடுத்த முறை எடுக்கும்போது பூஞ்சை வாடை மூக்கைத் துளைக்கும். வந்த அன்றே விரித்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். கடற்கரையிலிருந்து வந்தால் முதலில் நல்ல தண்ணீரில் மூட்டுகளைக் கழுவ வேண்டும். குழாய்க்குள் புகுந்த மணல் ஒவ்வொரு மடிப்பிலும் அரத்தைப்போல் தேய்க்கும். காய்ந்ததும் ஸ்டீல் ரிவெட்டுகளில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். துணிக்கு வாஷிங் மெஷின் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

தையல் விடத் தொடங்கிய நாற்காலியைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டகம் நன்றாக இருந்தால், ஸ்கூல் பேக், ரெக்ஸின் தைக்கும் கடையில் கொடுங்கள். கனமான நைலான் நூலில் மூலைகளை இரட்டைத் தையல் போட்டுத் தருவார்கள். துணியே போயிருந்தால் பழையதை மாதிரி வைத்துப் புதிதாக வெட்டியும் தைத்துத் தருவார்கள். புதிய துணி தைக்கும்போது உங்கள் உயரத்துக்கு ஏற்ப இருக்கையின் தொங்கலை இரண்டு விரல் குறைக்கச் சொல்லலாம். எழுவது இன்னும் சுலபமாகும். கால்முனை ரப்பர்கள் இரண்டு, பத்து அடி நைலான் கயிறு, ஒரு சுருள் துணி ஒட்டு டேப் ஆகியவற்றை நாற்காலிப் பையிலேயே போட்டுவைத்துவிடுங்கள்.